முதல் குடும்பக் கேரவன்: குறைந்த பணத்தில் தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் ஏ.சி. வண்டி பலருக்கு நினைவுக்கு வரக்கூடும். இங்கே பேசப்படுவது, தனக்கென எஞ்சின் இல்லாமல், காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லப்படுகிற, உள்ளே படுக்கையும் சமையல் மேடையும் கழிப்பறையும் கொண்ட வண்டியைப் பற்றி. கையில் பணம் அளவாக இருக்கும்போது புதிய வண்டி எட்டாது. ஆகவே கீழே சொல்லப்படுபவை அனைத்தும் பழைய வண்டி வாங்குவோருக்கானவை.

புதிதாக வாங்குகிறவர்கள் பலருடன் வண்டி பார்க்கப் போயிருக்கிறேன். பெரும்பாலோர் முதலில் விளம்பரத்தைப் பார்க்கிறார்கள், பிறகு உட்புறத்தின் அழகில் மயங்கி முன்பணம் கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் தங்கள் கார் அந்த வண்டியை இழுக்குமா என்று விசாரிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதித் தவறுகள் நேராமல் போகும். முதலில் கார், பிறகு எடை, பிறகு பணம், பிறகு படுக்கை. வண்டியை நேரில் பார்ப்பது அதற்கும் பிறகுதான். கீழுள்ள படிகள் அந்த வரிசையில் உள்ளன. ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை அதிகமில்லை: காரின் கையேடும் பதிவு ஆவணமும், அளவு நாடா, நல்ல வெளிச்சமுள்ள டார்ச், சுவரிலுள்ள ஈரத்தை அளக்கும், இரண்டு ஊசிகள் கொண்ட சிறிய ஈரமானி, தரையில் விரித்துப் படுக்க ஒரு பழைய பாய், குறிப்பேடு. இவற்றில் ஈரமானி ஒன்றுதான் பலரிடம் இருக்காது. அதை வாங்கிவிடுங்கள், முதல் நாளிலேயே அதன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

1. காரால் எவ்வளவு இழுக்க முடியும் என்பதைக் கண்டறிதல்

காரின் கதவுச் சட்டத்திலோ பானெட்டின் உள்ளேயோ ஒரு சிறிய தகடு இருக்கும். அதில் வழக்கமாக நான்கு எடைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது, பயணிகளும் சாமான்களும் நிரம்பிய காரின் உச்ச எடை. இரண்டாவது, காரும் அது இழுக்கும் வண்டியும் சேர்ந்த உச்ச எடை. மற்ற இரண்டும் முன் அச்சும் பின் அச்சும் தாங்கக்கூடியவை.

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். முதல் எண் 2000 கிலோ, இரண்டாவது 3250 கிலோ என்றால், முழுச் சுமையோடு போகும் அந்தக் கார் இழுக்கக்கூடியது 1250 கிலோ. இரண்டாவது எண்ணே இல்லையென்றாலோ, இரண்டும் ஒன்றாக இருந்தாலோ அந்தக் கார் எதையும் இழுப்பதற்கு அனுமதிக்கப்படாதது என்று பொருள். சில மின்சாரக் கார்களும் ஹைபிரிட் கார்களும் இப்படி இருக்கும். எஞ்சின் வலுவானது என்று யார் சொன்னாலும் அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கையேட்டில் காரின் வெற்று எடையைப் பாருங்கள். முழுச் சுமையேற்றிய கேரவனின் எடை காரின் வெற்று எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது புதியவர்களுக்கு நல்லது என்பது கேரவன் ஓட்டுவோரிடையே நெடுநாளாக வழங்கும் கணக்கு. 1500 கிலோ காருக்கு அது 1275 கிலோ. இது சட்டமில்லை, முன்னெச்சரிக்கை. உற்பத்தியாளர் தரும் இழுவை எண் பல நேரம் இதைவிடப் பெரிதாக இருக்கும். ஏனென்றால் அந்த எண், சரிவில் நின்ற வண்டியை மேல்நோக்கி மீண்டும் கிளப்ப முடியுமா என்ற சோதனையை ஒட்டி வருவது. வேகமாகக் கடந்து போகும் லாரியின் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது பின்வண்டி காரை ஆட்டுமா என்பதை அது சொல்லாது. பின்னால் வருவது இலேசாக இருக்கும் அளவுக்கு முன்னால் போவதன் சொல்லுக்கு அது கட்டுப்படும்.

கையேட்டில் மூன்றாவதாக ஓர் எண்ணையும் தேட வேண்டும்: காரையும் கேரவனையும் இணைக்கும் கொக்கியின் மீது செங்குத்தாக இறங்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட எடை. பல கார்களில் அது 75 முதல் 100 கிலோவுக்குள் இருக்கும். இதன் பயன் இறுதிப் படியில் வரும், இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநர் உரிமம் எத்தனை கிலோ வரை இழுக்க அனுமதிக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். உரிமம் வழங்கும் அலுவலகத்தின் விதிகளை நீங்களே படித்து உறுதி செய்யுங்கள். விற்பவர் சொல்வதை நம்பி இதில் இறங்கக் கூடாது. வண்டியை விற்றுவிட்ட பிறகு சாலையில் அபராதம் கட்டப் போவது அவரில்லை.

2. கேரவனின் எடையைச் சரியாகப் படித்தல்

கேரவனின் கதவருகே உள்ள தகட்டில் இருக்கும் உச்ச எடைதான் நமக்கு முக்கியம். விளம்பரத்தில் பெரிதாகப் போடப்படுவது வெற்று எடை. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே நீங்கள் உள்ளே ஏற்றிக்கொள்ளக்கூடிய சுமை. குடும்பங்கள் ஏமாறுவது இந்த வித்தியாசத்தில்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். வெற்று எடை 1095 கிலோ, உச்ச எடை 1250 கிலோ. 155 கிலோ ஏற்றலாம் என்பது தாராளமாகத் தோன்றும். பேட்டரி 23 கிலோ. வண்டியைக் கையால் தள்ளாமல் நகர்த்துவதற்காக முந்தைய உரிமையாளர் பொருத்திய மோட்டார் 32 கிலோ. வாசலில் கட்டும் கூடாரமும் அதன் கம்பிகளும் 27 கிலோ. ஆக 82 கிலோ போய்விட்டது. மீதி 73 கிலோவில் நான்கு பேரின் உடைகள், போர்வை, தலையணை, பாத்திரங்கள், மடக்கு நாற்காலிகள், உணவு எல்லாம் அடங்க வேண்டும். உள்தொட்டியில் 40 லிட்டர் தண்ணீருடன் கிளம்பினால் இன்னும் 40 கிலோ கழியும். மிஞ்சுவது 33 கிலோ, தலைக்கு எட்டுக் கிலோ சொச்சம்.

ஆகவே நான்கு பேர் குடும்பத்துக்கு 150 கிலோவுக்குக் கீழே சுமை அனுமதி உள்ள வண்டியை நான் பரிந்துரைப்பதில்லை. கனமான பொருள்களைக் காரிலேயே வைக்கலாம் என்று சொல்வார்கள். காருக்கும் உச்ச எடை உண்டு என்பதை முதல் படியில் பார்த்தோம்.

பிற்பாடு பொருத்தப்பட்ட மோட்டார், சோலார் பலகை, இரண்டாம் பேட்டரி, ஏ.சி. ஆகியவை பழைய வண்டிகளில் விற்பனைக் கவர்ச்சியாகக் காட்டப்படும். அவை அனைத்தும் உங்கள் சுமைக் கணக்கிலிருந்துதான் கழிகின்றன. சந்தேகம் இருந்தால் வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்க்க ஒப்புக்கொள்வாரா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

3. பணத்தைப் பங்கிடுதல்

கையிலுள்ள தொகை முழுவதையும் வண்டியின் விலையாக நினைத்துத் தேடத் தொடங்குவது மிகப் பரவலான தவறு. மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதிக்குத் தேடுங்கள். அளவுக்கு மிஞ்சிய எச்சரிக்கை என்று இதைச் சொன்னவர்கள், முதல் ஆண்டு முடிவில் அப்படிச் சொல்லவில்லை.

அந்த மூன்றிலொரு பங்கு எங்கே போகும்? காருக்கு டோபார் (கேரவனை மாட்டுவதற்காகக் காரின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டம்) பொருத்த வேண்டும், அதற்கான மின் இணைப்பும் தேவை. கேரவன் காரைவிட அகலமாக இருந்தால் நீட்டிப்புக் கண்ணாடிகள் வேண்டும். பழைய வண்டியின் டயர்களும் பேட்டரியும் பெரும்பாலும் உடனே மாற்ற வேண்டியவையாகவே இருக்கும். கேஸ் சிலிண்டர், குழாய், ரெகுலேட்டர், கொக்கிப் பூட்டு, சக்கரப் பூட்டு, காப்பீடு, நிறுத்திவைக்கும் இடத்தின் வாடகை, முதல் சர்வீஸ் ஆகியவையும் உண்டு. குறிப்பிட்ட வகைப் பூட்டுகள் இருந்தால்தான் இழப்பீடு என்று நிபந்தனை வைக்கும் காப்பீட்டு நிறுவனங்களும் உள்ளன. எனவே பூட்டு வாங்கும் முன் காப்பீட்டு நிபந்தனையைப் படியுங்கள்.

4. படுக்கை அமைப்பைத் தீர்மானித்தல்

'நான்கு பேர் படுக்கலாம்' என்பது விற்பனையாளரின் எண்ணிக்கை. நான்கு பேர் ஒரு மழை நாள் முழுவதும் உள்ளே இருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. நீங்கள் கேட்க வேண்டியது அதுதான்.

குடும்ப வண்டிகளில் அடிப்படையாக இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்றில் படுக்கை எப்போதும் விரித்தபடியே இருக்கும். மற்றதில் பகலில் இருக்கையாக இருப்பதை இரவில் பலகை நகர்த்தி, மெத்தைகளை அடுக்கிப் படுக்கையாக்க வேண்டும். இரண்டாவது இடத்தை மிச்சப்படுத்தும். வண்டியும் குட்டையாக, எடை குறைவாக இருக்கும். ஆனால் இரவு ஒன்பது மணிக்குத் தூங்கி விழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேசையை மடக்கி, எந்த மெத்தை எந்த இடுக்கில் என்று தேடுவதை ஒரு வாரம் தொடர்ந்து செய்து பார்த்தவர்கள் அடுத்த முறை நிலையான படுக்கையைத் தேடுகிறார்கள்.

சிறு குழந்தைகள் இருந்தால், பின்பக்கம் அடுக்குப் படுக்கையும் முன்பக்கம் பெரியவர்களுக்கான இருக்கைப் படுக்கையும் கொண்ட அமைப்பு என் முதல் தேர்வு. குழந்தைகள் உறங்கிய பின் பெரியவர்களுக்கு உட்கார இடம் மிஞ்சும். அடுக்குப் படுக்கையின் நீளத்தை அளவு நாடாவால் அளந்து பாருங்கள். குட்டையான படுக்கையை, வளர்கிற பிள்ளை இரண்டு மூன்று ஆண்டுகளில் தாண்டிவிடும். மேல்தட்டுக்கு எடை வரம்பும் உண்டு; அதற்கான சிட்டை படுக்கையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

நேரில் பார்க்கும் நாளில் குடும்பம் முழுவதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் இருங்கள். எல்லோரும் படுக்கையில் படுத்துப் பார்க்க வேண்டும். கழிப்பறைக் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்து, முழங்கை எங்கே இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். நள்ளிரவில் உள்பக்கத்தில் படுத்தவர் கழிப்பறைக்குப் போக யாரைத் தாண்ட வேண்டியிருக்கும் என்பதையும் நடித்தே பார்த்துவிடுங்கள். விற்பவர் வேடிக்கையாகப் பார்ப்பார்; பார்க்கட்டும்.

எப்போதாவது வரும் விருந்தினர்களை எண்ணிக் கூடுதல் படுக்கை வாங்க வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு இரவுகளுக்காக ஆண்டு முழுவதும் கூடுதல் நீளத்தையும் எடையையும் இழுத்துத் திரிவீர்கள்.

5. நிறுத்துமிடத்தை அளத்தல்

இது சுருக்கமான படி. கேரவனுக்கு இரண்டு நீளங்கள் உண்டு: உடலின் நீளம், முன்னால் நீட்டியிருக்கும் கொக்கிச் சட்டத்தையும் சேர்த்த நீளம். இரண்டுக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். வாசலையும் வளைவையும் அளக்கும்போது இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தோடு உயரத்தையும் அளக்க வேண்டும். தாழ்ந்த மரக்கிளையும் பால்கனியும் நீளக் கணக்கில் வருவதில்லை.

6. புறப்படும் முன் விற்பவரிடம் பேச வேண்டியவை

வண்டியைப் பார்க்க நேரம் குறிக்கும்போதே நான்கு வேண்டுகோள்களை வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை முந்தைய இரவே இயக்கி வைக்கச் சொல்லுங்கள். கேரவன்களில் பரவலாக இருப்பது கேஸ், 12 வோல்ட், வீட்டு மின்சாரம் ஆகிய மூன்றிலும் இயங்கும் வகை. அதில் கம்ப்ரஸர் இல்லை, வெப்பத்தால் சுழலும் திரவமே குளிர்விக்கிறது. அது குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும் என்பதால், நீங்கள் போனபின் போட்டுப் பார்த்தால் வேலை செய்கிறதா இல்லையா என்று தெரியாமலே திரும்புவீர்கள்.

இரண்டாவது, தண்ணீர் நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, சார்ஜ் ஏறிய பேட்டரியும் கேஸ் உள்ள சிலிண்டரும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். 'எல்லாம் வேலை செய்யும், கேஸ் மட்டும்தான் தீர்ந்துவிட்டது' என்ற பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அடுப்பும் ஹீட்டரும் சோதிக்கப்படாமல் போவது அப்படித்தான். நான்காவது, நீங்கள் வரும்வரை சன்னல்களையும் கதவையும் மூடியே வைத்திருக்கச் சொல்லுங்கள். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள்.

7. ஈரத்தைத் தேடுதல்

மற்ற எல்லாக் கோளாறுகளையும் பணத்தால் சரிசெய்துவிடலாம். ஈரம் மட்டும் வண்டியின் விலையையே தாண்டும் செலவை வைக்கக்கூடியது. பழைய வகைக் கேரவனின் சுவர், வெளியே அலுமினியத் தகடு, நடுவே மரச்சட்டங்களும் அவற்றுக்கிடையே தெர்மகோல் போன்ற காப்புப் பொருளும், உள்ளே மெல்லிய பிளைவுட் என்று அமைந்தது. மூட்டுகளில் பூசிய சீலன்ட் ஆண்டுகள் போகப் போக இறுகி வெடிக்கும். திருகுகளின் வழியாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே மரம் சத்தமில்லாமல் உளுத்துப் போகும். வெளித் தகடு பளபளவென்று இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

முதல் சோதனை மூக்கால்தான். மூடிய கதவைத் திறந்து உள்ளே நுழையும் அந்த முதல் மூச்சில் பழைய சாக்கின் வாடை வருகிறதா என்று பாருங்கள். நான் வாங்கிய முதல் வண்டியில் மல்லிகை வாசனை வீசியது. வாசனைக் குப்பி ஒன்று அலமாரிக்குள் செருகப்பட்டிருந்தது. வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் குடும்பம் என்று எண்ணி மகிழ்ந்தேன். மூன்று மாதம் கழித்து முன்பக்க மூலையில் உட்சுவரைக் கட்டை விரலால் அழுத்தியபோது விரல் நகம் வரை உள்ளே போனது. அதிலிருந்து, வாசனைக் குப்பியைப் பார்த்தால் ஈரமானியை முதலில் அந்தப் பக்கம்தான் கொண்டு போகிறேன்.

இரண்டாவது சோதனை கண்ணாலும் கையாலும். மெத்தைகளைத் தூக்கி, இருக்கைப் பெட்டிகளின் அடி மூலைகளில் டார்ச் அடியுங்கள். முன் சன்னலுக்குக் கீழே, கூரைச் சன்னல்களைச் சுற்றி, மேல் அலமாரிகளின் உள்மூலைகளில், சக்கர வளைவுக்கு மேலே, கழிப்பறைத் தொட்டியை வெளியே எடுக்கும் சிறு கதவைச் சுற்றி ஆகிய இடங்களில் பழுப்புக் கறை, கரும்புள்ளி, உப்பிய ஒட்டுத்தாள், துருப்பிடித்த ஊக்கு ஆகியவற்றைத் தேடுங்கள். சுவரை விரலால் அழுத்திக்கொண்டே போனால் மென்மையான இடம் தானாகவே அகப்படும். வெளியே, கூடாரத்தைக் கோக்கும் நீண்ட தண்டவாளத்தின் அடியில் புதிதாகப் பூசிய சீலன்ட் தெரிந்தால் அது எதற்காகப் பூசப்பட்டது என்று கேளுங்கள்.

மூன்றாவதாக ஈரமானி. ஊசிகள் சிறு துளைகளை விடும் என்பதால் விற்பவரின் அனுமதியைப் பெற்று, பார்வைக்குத் தெரியாத மூலைகளில் வைத்துப் பாருங்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 15 முதல் 20 வரை கவனித்துவர வேண்டியது. 20-ஐத் தாண்டினால் தண்ணீர் நுழையும் வழியைக் கண்டுபிடித்தாக வேண்டும். 30-ஐத் தாண்டினால் மரம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை விட்டுவிடுங்கள். தனி எண்ணைவிட ஒப்பீடு பயனுள்ளது. எல்லா இடத்திலும் 14 காட்டி ஒரே ஒரு மூலையில் 24 காட்டினால், அந்த மூலையில் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது.

தரையின் மென்மை வேறு விஷயம். பிளைவுட், நுரைப் பலகை, பிளைவுட் என்று ஒட்டப்பட்ட தரையில், ஆள் நடமாட்டம் அதிகமுள்ள வாசலருகிலும் அடுப்பின் முன்னாலும் பசை விட்டுப்போகும். குதிகாலை ஊன்றி நடந்தால் தரை துள்ளும், கிரீச்சிடும். சிறு துளைகளிட்டுப் பிசினை ஊற்றி இதைச் சரிசெய்ய முடியும் என்பதால், இது விலையைக் குறைத்துக் கேட்பதற்கான காரணம். உளுத்த சுவருக்கு அந்தச் சலுகை கிடையாது. புதியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, துள்ளும் தரைக்காக நல்ல வண்டியை விட்டுவிட்டு, நாற்றமடிக்கும் சுவரோடு ஒன்றை வாங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

8. அடிப்பகுதி, டயர், பிரேக்

ஈரச் சோதனையில் தேறிய வண்டிக்குக் கீழேதான் பாயை விரிக்க வேண்டும். தேறாததன் கீழே படுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேரவன் டயர்கள் தேய்ந்து தீர்வதற்கு முன் வயதாகியே கெடுகின்றன. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்து ஆண்டுகளில் மாற்றுவது நல்லது. ஏழு ஆண்டுகளைத் தாண்டியதில் பயணம் செய்யக் கூடாது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயரில் பக்கவாட்டு வெடிப்புகள் தரையை ஒட்டிய பகுதியில் தொடங்கும். எனவே வண்டியைச் சற்று நகர்த்திப் பாருங்கள். 'டயர் பட்டன் இன்னும் தேயாமல் அப்படியே இருக்கிறது பாருங்கள்' என்று விற்பவர் காட்டுவது உண்மையாகவே இருக்கும். அதில் பயனில்லை.

பெரும்பாலான குடும்பக் கேரவன்களின் பிரேக், கார் வேகம் குறைக்கும்போது பின்வண்டி முன்னோக்கித் தள்ளும் விசையால் இயங்குகிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு கொக்கியின் தண்டைப் பின்னோக்கித் தள்ளினால் எதிர்ப்பு இருக்க வேண்டும். விட்டதும் மெதுவாகத் திரும்ப வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால், தண்டின் அசைவை மெதுவாக்கும் டாம்பர் தேய்ந்துவிட்டது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டபடி நெடுநாள் நின்ற வண்டிகளில் பிரேக் கட்டைகள் டிரம்மோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கொக்கியில் ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வுக் கட்டைகள் இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் கொக்கிக்கு, அது வந்து உட்காரும் டோபாரின் 50 மில்லிமீட்டர் பந்தின் மீது கிரீஸ் தடவுவார்கள். உராய்வுக் கட்டை உள்ள கொக்கிக்குப் பந்து உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். கிரீஸ் பட்ட கட்டை பிடிக்காது. அத்தகைய கொக்கிகளில் பலவற்றுக்குக் கழுத்து நீண்ட பந்தும் தேவைப்படும் என்பதால், வாங்கப் போகும் வண்டியின் கொக்கி எது என்று தெரிந்த பிறகே காருக்கு டோபார் பொருத்துங்கள்.

9. தண்ணீர், மின்சாரம், கேஸ்

குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டு மூடுங்கள். மூடியபின்னும் பம்ப் விட்டு விட்டு முனகினால் எங்கோ கசிகிறது. குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்ட வண்டிகளில் உறைந்த நீர் சுமார் 9 சதவீதம் விரிந்து குழாய் மூட்டுகளையும் வெந்நீர்த் தொட்டியையும் பிளந்துவிடும். தொட்டியைச் சுற்றிக் கையால் தடவிப் பாருங்கள்.

விளக்குகளையும் பிளக்குகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். காருக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள பிளக் 13 ஊசி வகையா, பழைய 7 ஊசி வகையா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காரின் பேட்டரி போன்ற ஒன்றைக் கேரவனுக்குள் வைத்திருந்தால் அது தவறான பேட்டரி; எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி அடிக்கடி ஆழமாக வடிவதைத் தாங்காது.

அடுப்பின் சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி படிந்தால் கேஸ் முழுமையாக எரியவில்லை. கார்பன் மோனாக்சைடு உண்டாகும். கேஸ் குழாயின் மேல் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். தரையில் உள்ள சிறு துவாரங்களைக் குளிர் வருகிறதென்று யாராவது அடைத்திருக்கிறார்களா என்பதையும் அவசியம் பார்க்க வேண்டும். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது. அது இறங்கி வெளியேறுவதற்காகவே அந்தத் துவாரங்கள் இருக்கின்றன. குளிரான இடங்களுக்குப் போவதானால் புரொப்பேன் சிலிண்டர் வேண்டும். பியூட்டேன் உறைநிலையை ஒட்டிய குளிரிலேயே ஆவியாகாமல் நின்றுவிடும், புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும்.

அக்ரிலிக் சன்னல்களில் விரிசல் இருந்தால் அலட்சியம் செய்ய வேண்டாம். நின்றுபோன மாடல்களுக்கு முன் சன்னல் கிடைப்பது அரிது.

10. ஆவணமும் பேரமும்

சேஸியில் பொறித்த எண்ணும், சன்னல்களில் செதுக்கியிருந்தால் அந்த எண்ணும், ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏதேனும் ஒரு சன்னலில் மட்டும் எண் சுரண்டப்பட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கடன் நிலுவை, திருட்டு ஆகியவற்றைச் சரிபார்க்கும் பதிவேடு உங்கள் நாட்டில் இருந்தால் பணம் கொடுக்கும் முன் பாருங்கள்.

பேரத்தை 'கொஞ்சம் குறையுங்கள்' என்று தொடங்காமல், குறிப்பேட்டைத் திறந்து டயர், பேட்டரி, கேஸ் குழாய் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுங்கள். விற்பவரும் அந்தச் செலவை மனத்துக்குள் கூட்டிக்கொண்டே வருவார்.

11. வீட்டுக்குக் கொண்டுவருதல்

முதல் பயணத்துக்கு முன், எங்காவது ஒரு வண்டியை வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துக் காலியான மைதானத்தில் பின்னோக்கி ஓட்டிப் பழகிவிடுங்கள். வாங்கிய அன்றே பழகுவது காருக்கும் நல்லதல்ல, குடும்ப அமைதிக்கும் நல்லதல்ல.

சாமான்களை ஏற்றும்போது கனமானவை தாழ்வாக, அச்சின் மேலே இருக்கட்டும். பின்கோடியில் வைத்த கனம் வண்டியைப் பாம்பாக நெளியச் செய்யும். பிறகு கொக்கியின் மீது இறங்கும் எடையை அளக்க வேண்டும். வண்டி மட்டமாக நிற்கும்போது கொக்கிக்கு அடியில் ஒரு கட்டையை நிறுத்தி, அதன் கீழே சாதாரண எடை பார்க்கும் இயந்திரத்தை வையுங்கள். முழுச்சுமை எடையில் 5 முதல் 7 சதவீதம் வர வேண்டும். நம் 1250 கிலோ எடுத்துக்காட்டில் அது 62 முதல் 87 கிலோ. காரின் அனுமதி 75 என்றால் 65-க்கும் 75-க்கும் நடுவில் நிறுத்துங்கள். குறைந்தால் வண்டி ஆடும். மிகுந்தால் காரின் முன்சக்கரங்களில் பிடிப்புக் குறையும்.

கிளம்பும் முன் ஒருவரே, ஒரே வரிசையில், வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்: கேஸ் மூடியது, கூரைச் சன்னல் பூட்டியது, நான்கு மூலைக் கால்களும் ஏறியவை, கொக்கி பந்தில் விழுந்து பூட்டியது, கொக்கி கழன்றால் ஹேண்ட் பிரேக்கை இழுக்கும் கம்பி காரில் மாட்டியது, பிளக் செருகியது, விளக்குகள் எரிகின்றன, கேரவனின் முன்பக்கத்தைத் தாங்கும் சிறு ஜாக்கி சக்கரம் ஏறியது, ஹேண்ட் பிரேக் விட்டது. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்குங்கள். நான் பார்த்த மறதிகளில் பாதி, நடுவில் வந்த பேச்சால் நேர்ந்தவை.

சாலையில் வண்டி ஆடத் தொடங்கினால் பிரேக்கை மிதிக்கவும் வேண்டாம், வேகத்தைக் கூட்டி நேராக்க முயலவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தால் வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கும். ஓரமாக நிறுத்திச் சாமான்களை மாற்றி அடுக்கிய பிறகே மேலே போக வேண்டும்.

புதிய டயர் மாட்டியிருந்தால் 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் சக்கர நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.